குவேக்கர் உறைவிடப் பள்ளியில் மாணவர் குழுக்களுக்கு உண்மையில் அதிகாரம் உண்டா?

கேள்வி: என் மகளுக்குப் பென்சில்வேனியாவில் உள்ள ஒரு குவேக்கர் உறைவிடப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே மாணவர் குழுக்கள் பல உண்டு, எதற்கும் வாக்கெடுப்பு நடத்துவதில்லை என்கிறார்கள். இது பெயரளவுக்கா, உண்மையா? பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு விடுதியை நடத்தினால் ஒழுங்கு எப்படி இருக்கும்?

பதில்:

வணக்கம். பெயரளவுக்கு அல்ல. ஆனால் பிள்ளைகள் விடுதியை ஆள்வதும் இல்லை. இறுதிப் பொறுப்பு பள்ளித் தலைவரிடமும் நிர்வாகக் குழுவிடமும்தான் இருக்கிறது. மாணவர்களுக்குக் கிடைப்பது வேறு ஓர் உரிமை. தங்களைப் பாதிக்கும் முடிவு ஒன்று எடுக்கப்படும்போது, தலைகளை எண்ணி அவர்களை ஒதுக்கிவிட முடியாது. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி "எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை" என்று சொன்னால், கூட்டம் அங்கேயே நின்று அவள் சொல்வதைக் கேட்டாக வேண்டும். மாணவர் தலைவர் தேர்தலையும் சட்டையில் குத்தும் பதவிச் சின்னத்தையும் விட இது பெரிய உரிமை என்று நான் நம்புகிறேன். சுமையும் அதே அளவுக்குப் பெரியது.

அமெரிக்காவில் ஒரு சிறிய குவேக்கர் உறைவிடப் பள்ளியின் பெண்கள் விடுதியில் சில ஆண்டுகள் பொறுப்பாளராகக் குடியிருந்தவள் நான். அந்தப் பழக்கத்திலிருந்தும், மற்றப் பள்ளிகளைப் பற்றி அறிந்ததிலிருந்தும் எழுதுகிறேன்.

முதலில் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். குவேக்கர்கள் என்று அழைக்கப்படும் நண்பர்கள் சங்கம் என்ற கிறித்தவப் பிரிவு 1650களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் போன்றவர்களால் உருவானது. ஒவ்வொரு மனிதரிடத்திலும் இறைவனின் ஒளி இருக்கிறது, அதை அறிய இடைத்தரகர் வேண்டியதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. பழைய மரபைக் காக்கும் பிரிவுகளில் பாதிரியார் கிடையாது, பிரசங்கம் கிடையாது. எல்லோரும் அமைதியாக அமர்ந்திருப்பார்கள். யாருக்காவது சொல்ல வேண்டும் என்று உள்ளிருந்து உந்துதல் வந்தால் எழுந்து சில வார்த்தை பேசிவிட்டு அமர்வார். சங்கத்தின் நிர்வாகக் காரியங்களையும் இதே முறையில்தான் நடத்துகிறார்கள். உண்மை பெரும்பான்மையிடம்தான் இருக்கும் என்று அவர்கள் கருதுவதில்லை. சரியான வழி எல்லோருக்குமாக ஒன்று இருக்கிறது, பொறுமையாகத் தேடினால் கிடைக்கும் என்று கருதுகிறார்கள். அதனால்தான் வாக்கெடுப்பு இல்லை.

கூட்டத்தை நடத்துபவரைக் கிளார்க் என்கிறார்கள். பள்ளிகளில் பெரும்பாலும் மூத்த வகுப்பு மாணவர் ஒருவரோ இருவரோ இந்தப் பொறுப்பில் இருப்பார்கள். கூட்டம் சில நிமிட மௌனத்தோடு தொடங்கும். பேச விரும்புபவர் கையைத் தூக்கி, கிளார்க் அழைத்த பிறகு பேசுவார். எதிர்ப்பக்கம் இருப்பவரைப் பார்த்து வாதாடுவதில்லை, முழுக் கூட்டத்தையும் நோக்கித்தான் பேச வேண்டும். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் பாய்ந்து தொடங்கக் கூடாது, சிறிது இடைவெளி விட வேண்டும். சூடு ஏறினால் கிளார்க் "கொஞ்ச நேரம் மௌனமாக இருப்போம்" என்பார், அறையே அடங்கும். எல்லாக் கருத்தும் வந்துவிட்டது என்று தோன்றும்போது, "நம் எண்ணம் இப்படிப் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது, சரியா?" என்று அவர் எடுத்துச் சொல்வார். குறிப்பெழுதுபவர் அந்த முடிவை அங்கேயே எழுதி உரக்கப் படிப்பார். சொற்களைத் திருத்தி, கூட்டம் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது முடிவாகும். "வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்" என்பது கிடையாது. நேற்று என்ன முடிவானது என்று மறுநாள் சண்டை வராமல் காப்பது இந்தச் சின்ன ஏற்பாடுதான்.

உடன்பாடு இல்லாதவருக்கு இரண்டு வழிகள் உண்டு. "எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் நீங்கள் செல்வதை நான் தடுக்கவில்லை" என்று விலகி நிற்கலாம், வேண்டுமானால் அது குறிப்பில் பதியும். அல்லது, இது தவறு என்று மனச்சாட்சி சொல்கிறது என்றால், வழியில் நின்று தடுக்கலாம். இரண்டாவதை எப்போது பயன்படுத்துவது என்று உணர்வதுதான் பதினாறு, பதினேழு வயதில் அவர்கள் கற்பதிலேயே கடினமான பாடம். தனக்குப் பிடிக்காததும் தவறானதும் ஒன்றல்ல என்பது பெரியவர்களுக்கே சீக்கிரம் விளங்குவதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த முறை முன்னூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையதென்றாலும், அதைப் பிள்ளைகளிடம் நம்பி ஒப்படைத்தது மிகப் பிந்தியது. யார்க்ஷயரில் 1779-இல் தொடங்கிய ஆக்வொர்த் பள்ளியும், பென்சில்வேனியாவில் 1799-இல் தொடங்கிய வெஸ்ட்டவுன் பள்ளியும் தம் முதல் நூற்றாண்டில் கண்டிப்பான இடங்கள். வெளியுலகக் கறை படாமல் குவேக்கர் பிள்ளைகளைக் காப்பதே நோக்கம். எளிய உடை கட்டாயம், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் தனித்தனிப் பக்கம், இசை கூடாது. அந்தப் பிள்ளைகளிடம் விளக்கணைக்கும் நேரம் பற்றி யாரும் கருத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். மாணவர் குழுக்கள் பெருகியது இருபதாம் நூற்றாண்டில்தான். ஆகவே "முன்னூறு ஆண்டு மரபு" என்று யாராவது உங்களிடம் பெருமையாகச் சொன்னால், மரபு கூட்டத்துக்கு உரியது, மாணவர் பங்கு பின்னால் போராடிச் சேர்த்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இனி குழுக்கள். பள்ளிக்குப் பள்ளி பெயர் மாறும், ஆனால் வகைகள் ஏறத்தாழ ஒன்றே. பள்ளி முழுவதும் கூடும் கூட்டத்துக்குப் பொருள்களை வரிசைப்படுத்தும் குழு, எந்தப் பொறுப்புக்கு யார் பொருத்தம் என்று யோசித்துப் பெயர் சொல்லும் குழு, மௌன வழிபாட்டை ஏற்பாடு செய்யும் குழு, உணவு, வார இறுதி நிகழ்ச்சிகள், விடுதி, ஒழுங்கு ஆகியவற்றுக்கான குழுக்கள். சில பள்ளிகளில் நிர்வாகக் குழுக் கூட்டத்திலும் மாணவர் பிரதிநிதி உட்காருவார். பெயர் சொல்லும் குழுவை நான் மிகவும் மதிக்கிறேன். அங்கே யாரும் "எனக்கு வாக்களியுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டுவதில்லை. அமைதியான ஒரு பிள்ளையிடம் இருக்கும் திறமையை மற்றவர்கள் கவனித்து, போய்க் கேட்கிறார்கள். தன்னை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று அறிந்த பிள்ளையின் நடையே மாறிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

விடுதியில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு, எல்லா விடுதியிலும் ஏதோ ஒரு வடிவில் வரும் பிரச்சினையை எடுத்துக்கொள்கிறேன். இரவு விளக்கணைக்கும் நேரத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்று மூத்த மாணவிகள் கேட்பார்கள். கல்லூரி விண்ணப்பம், வீட்டுப்பாடம் என்று அவர்கள் பக்கம் நியாயம் இருக்கும். வாக்கெடுப்பு என்றால் ஐந்து நிமிடத்தில் அவர்கள் வென்றுவிடுவார்கள். எங்கள் விடுதியில் இது வந்தபோது, முதற்கூட்டம் முடிவெடுக்கவே இல்லை. எல்லோரும் மனத்தில் உள்ளதைக் கொட்டுவதற்கு மட்டும் என்று வைத்தோம். மூன்றாவது சுற்றில்தான் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாய் திறந்தாள். அவளுக்கு அந்தப் பருவத்தில் தொழுவ வேலை. விடியுமுன் எழுந்து ஆடுகளுக்குத் தீவனம் வைக்கப் போகிறவள். பக்கத்து அறை விளக்கும் பேச்சும் அவளைத் தூங்க விடுவதில்லை, இத்தனை நாள் சொல்ல வெட்கமாக இருந்தது என்றாள். அறையில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு கேள்வியே மாறிவிட்டது. நேரத்தைப் பற்றிய சண்டை, யார் எங்கே உட்கார்ந்து படிப்பது என்ற யோசனையாயிற்று. தளத்து அறைகளில் விளக்கு பழைய நேரத்திலேயே அணையும், கீழே உள்ள பொதுக்கூடம் மூத்தவர்களுக்குப் பின்னிரவு வரை திறந்திருக்கும், ஒரு பருவம் பார்த்துவிட்டு மீண்டும் பேசலாம் என்று குறிப்பு எழுதப்பட்டது. பொதுக்கூடத்தைத் திறந்து வைத்தால் பெரியவர் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பதை நாங்கள் சொன்னோம். அதையும் கணக்கில் எடுத்து அவர்களே வாரத்தில் சில நாட்களாகக் குறைத்தார்கள். அந்தப் பருவம் முழுக்க அந்த விதியை மீறியவர் மிகச் சிலர். தாங்களே சொல் சொல்லாகத் திருத்திய விதியை மீறுவது கடினம். ஒழுங்கைப் பற்றிய உங்கள் கவலைக்கு என்னிடம் உள்ள நேரான பதில் இதுதான்.

ஆனால் எல்லாம் கூட்டத்துக்கு வருவதில்லை, வரவும் கூடாது. மது, போதைப்பொருள், வன்முறை, பாலியல் அத்துமீறல் பற்றிய விதிகள் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டவை அல்ல. ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்ற சந்தேகம் வந்தால் அரசுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது அமெரிக்காவில் ஆசிரியர்களின் சட்டக் கடமை. அது எந்த மாணவர் குழுவின் மேசைக்கும் போகாது. ஆண்கள் விடுதிக்கும் பெண்கள் விடுதிக்கும் இடையே யார் எங்கே எப்போது போகலாம் என்பதற்கும் பள்ளி வைத்த வரம்பு உண்டு. மாலையில் கட்டாயப் படிப்பு நேரம், இரவில் ஆள் சரிபார்ப்பு, வெளியே போனால் பதிவேட்டில் கையெழுத்து, இளைய வகுப்புப் பிள்ளைகளின் கைப்பேசியை இரவில் வாங்கி வைப்பது போன்றவை பல பள்ளிகளில் வழக்கம். விடுதிக் கட்டடத்துக்குள்ளேயே ஆசிரியர் குடும்பங்கள் குடியிருக்கும். ஒவ்வொரு தளத்திலும் இளையவர்களைப் பார்த்துக்கொள்ள மூத்த மாணவர் ஒருவர் இருப்பார்.

ஒழுங்குக் குழுவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோர் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். ஆசிரியர் சிலரும் மாணவர் சிலரும் சேர்ந்து அமர்வார்கள். விதியை மீறிய பிள்ளை தனக்கு நம்பிக்கையான ஆசிரியரையோ தோழியையோ துணைக்கு அழைத்து வரலாம். என்ன நடந்தது, யாருக்கு என்ன இழப்பு, அதைச் சரிசெய்ய நீ என்ன செய்வாய் என்ற வரிசையில் கேள்விகள் போகும். குழு தன் பரிந்துரையை எழுதிப் பள்ளித் தலைவரிடம் கொடுக்கும், தலைவர் முடிவு செய்வார். குழுவின் சொல்லை அவர் பெரும்பாலும் ஏற்பார், ஏற்காவிட்டால் காரணம் சொல்வார். அப்படித்தான் நடக்க வேண்டும்.

இதில் வலி எங்கே என்றால், நூறு பேர் கூட இல்லாத பள்ளியில் குழுவில் இருப்பவளும் எதிரே நிற்பவளும் ஒரே மேசையில் காலை உணவு சாப்பிடுகிறவர்கள். அறைத்தோழியின் வழக்கு என்றால் விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் அறைத்தோழியின் தோழி என்றால்? அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. பதினேழு வயதில், விடுதி முழுவதும் கிசுகிசுக்கும்போது, உண்மை தெரிந்தும் வாய் மூடி இருப்பது சாதாரணமானதல்ல. குழுவில் இருந்த மாணவிகள் சிலர் இரவில் என் கதவைத் தட்டி, எதுவும் சொல்லாமல் தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தச் சுமையை எல்லாப் பிள்ளைகள் மீதும் ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மகளை முதல் இரண்டு ஆண்டுகளில் இந்தக் குழுவுக்குக் கேட்டால், தயங்காமல் "இன்னும் நேரம் வரவில்லை" என்று சொல்லச் சொல்லுங்கள். உணவுக் குழுவிலும் விடுதிக் குழுவிலும் தொடங்கட்டும்.

இன்னொரு பலவீனம் உங்கள் மகளை நேராகத் தொடும். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இந்த முறையில் எப்போதும் உண்டு. ஆங்கிலம் சரளமாகப் பேசும், கூட்டங்களுக்குப் பழகிய பிள்ளைகள் ஐந்து முறை பேசிவிடுவார்கள். கொரியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்த பிள்ளை மனத்தில் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேச்சு நகர்ந்துவிடும். பெரியவர்கள் முன் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கமே அவர்களுக்குப் பல வாரம் தொண்டையில் சிக்கும். நல்ல கிளார்க் இதை அறிந்து, வட்டமாக ஒவ்வொருவரையும் கேட்பார், அல்லது கருத்தை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்வார். அனுபவம் இல்லாத கிளார்க் "எல்லோருக்கும் சரிதானே?" என்று கேட்டுவிட்டு நான்கு தலையசைப்பைப் பார்த்து எழுதிவிடுவார். அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் குறுக்கிடாமல் இருந்தால், வாக்கெடுப்பே மேல் என்று சொல்லும் அளவுக்கு அநியாயம் நடக்கும்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. குவேக்கர் வரலாற்றிலேயே அதற்குப் பெரிய சான்று இருக்கிறது. பிலடெல்பியாவை அடுத்த ஜெர்மன்டவுனில் 1688-இல் நான்கு பேர் அடிமைமுறையை எதிர்த்துக் கையெழுத்திட்டுக் கூட்டத்துக்கு ஒரு மனு அனுப்பினார்கள். மேல்மட்டக் கூட்டங்கள் அதை முடிவெடுக்காமல் தள்ளிவைத்தன. ஜான் வுல்மன் என்ற குவேக்கரைப் போன்றவர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசியதால், அந்த வட்டாரக் குவேக்கர்களின் உச்ச அமைப்பான பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் 1758-இல் ஒரு படி முன்னே போனது. அடிமை வைத்திருப்பவர் இனி உறுப்பினர் அல்ல என்று அது முடிவெடுத்தது 1776-இல். நடுவில் 88 ஆண்டுகள். எல்லோரும் மனம் மாறி எடுத்த முடிவு என்பதால் அது நிலைத்தது என்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. அந்த 88 ஆண்டுகளும் கூட்ட அறைக்கு வெளியே அடிமை விலங்கோடு இருந்தவர்களை யாரும் கருத்துக் கேட்கவில்லை என்பதும் உண்மை. குவேக்கர் பள்ளிகள் பலவும் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எடுத்துக்கொண்டன. முடிவால் பாதிக்கப்படுபவர் அறைக்குள் இருக்கிறாரா என்பதை மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டதற்கு இதுதான் காரணம். நல்ல பள்ளிகள் இந்தப் பகுதியை மறைக்காமல் கற்பிக்கின்றன.

குழுக்களை விட விடுதி வாழ்க்கையை அதிகம் உருவாக்குவது வேலை. பாத்திரம் கழுவுவது, தளம் துடைப்பது, குளியலறை சுத்தம் செய்வது எல்லாம் மாணவர் பொறுப்பு. எந்த அளவுக்கு என்பது பள்ளியைப் பொறுத்தது. ஓஹையோவின் பார்ன்ஸ்வில்லில் உள்ள ஓல்னி பள்ளிக்கும் அயோவாவின் வெஸ்ட் பிராஞ்சில் உள்ள ஸ்கேட்டர்குட் பள்ளிக்கும் சொந்தப் பண்ணை உண்டு. ஸ்கேட்டர்குட் 1890-இல் தொடங்கி, பொருளாதார நெருக்கடியில் 1931-இல் மூடப்பட்டது. அந்தக் காலிக் கட்டடத்தில் 1939 முதல் 1943 வரை நாஜி ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த 185 அகதிகளைத் தங்கவைத்தார்கள். அங்கேயும் சமையலையும் துப்புரவையும் விருந்தினரும் ஊழியரும் பகிர்ந்துகொண்டார்கள். 1944-இல் மீண்டும் பள்ளியானது. படித்தவர் கை அழுக்காகக் கூடாது என்ற எண்ணத்துக்கு அப்படிப்பட்ட இடங்களில் இடமே இல்லை.

நமக்கும் இதில் ஓர் இழை உண்டு. மார்ஜரி சைக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1928-இல் சென்னைக்கு வந்து பெண்டிங்க் பெண்கள் பள்ளியில் ஆசிரியரானார், தமிழ் கற்றார், இந்தியாவில் இருந்தபோதே குவேக்கர் ஆனார். பிறகு காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்தில் அவருடைய ஆதாரக் கல்விப் பணியில் ஈடுபட்டார், பின்னர் நீலகிரியில் கோத்தகிரியில் வாழ்ந்தார். சேவாகிராமத்துப் பிள்ளைகள் தாங்களே நூற்று, சமைத்து, கழிப்பிடம் சுத்தம் செய்து படித்தார்கள். மகளை இவ்வளவு செலவழித்து அனுப்பிப் பாத்திரம் கழுவ வைப்பதா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்டால், இந்தக் கதையைச் சொல்லலாம்.

பள்ளியை நேரில் பார்க்கப் போகும்போது என்ன கேட்பது என்றும் சொல்கிறேன். கடந்த ஓராண்டில் மாணவர் கருத்தால் பெரியவர்கள் தங்கள் திட்டத்தை மாற்றிக்கொண்ட ஒரு நிகழ்வைச் சொல்லச் சொல்லுங்கள். உடனே இரண்டு, மூன்று வந்தால் குழுக்கள் உயிரோடு இருக்கின்றன. மழுப்பினால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இரவில் ஒரு விடுதிக்கு எத்தனை பெரியவர்கள், அறைத்தோழியோடு ஒத்துப்போகாவிட்டால் மாற்ற எவ்வளவு நாள் ஆகும், மருந்துகள் யார் பொறுப்பில் இருக்கும் என்று கேளுங்கள். நன்றி தெரிவிக்கும் விழா போன்ற விடுமுறைகளில் பல பள்ளிகள் விடுதியைப் பூட்டிவிடும். அந்த நாட்களில் பிள்ளை எங்கே தங்குவாள் என்பதை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள், கடைசி வாரத்தில் அலைந்த பெற்றோர் பலர். மரக்கறி உணவு பொதுவாகக் கிடைக்கும். பண்ணை உள்ள பள்ளி என்றால் வளர்க்கும் விலங்குகள் சமையலறைக்கு வருவதும் உண்டு என்பதைச் சைவக் குடும்பம் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மத மாற்றம் பற்றிய அச்சம் வேண்டாம். இந்தப் பள்ளிகளில் குவேக்கர் பிள்ளைகளே சிறுபான்மை. வாரம் ஒன்றிரண்டு முறை மௌனக் கூட்டத்தில் அமர வேண்டும். அங்கே உங்கள் மகள் முருகனை நினைத்துக்கொண்டிருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

முடிந்தால் அவளை ஓர் இரவு விடுதியில் தங்கவைத்துப் பாருங்கள். விண்ணப்பித்த பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பைத் தரும் பள்ளிகள் உண்டு. அன்று பள்ளிக் கூட்டமோ விடுதிக் கூட்டமோ இருந்தால் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். திரும்பி வரும்போது "பள்ளி பிடித்ததா?" என்று கேட்காதீர்கள். கூட்டத்தில் யார் பேசவில்லை, அவர்களை யாராவது கேட்டார்களா என்று கேளுங்கள். அவள் அதைக் கவனித்திருந்தால் அங்கே நன்றாக இருப்பாள்.